எதை வச்சு அளக்கச் சொல்றீங்க? – ‘ஒரு புளியமரத்தின் கதை’: ஒரு மறுவாசிப்பு

1

போன சித்திரையில் ஒரு காலை. எங்கள் ஊர் வயலில் நின்றுகொண்டு சர்வேயர் கேட்டார்: “எதை வச்சு அளக்கச் சொல்றீங்க?”

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய எல்லைக்கல்லைக் காணோம். டிராக்டர் ஓட்ட ஓட வரப்பு எங்கள் பக்கமாக நகர்ந்துவிட்டது என்பது எங்கள் வாதம். வரப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது பெரியப்பாவின் வாதம். வித்தியாசம் நாலு அடி. அப்பா காரியத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் எதையும் தொடாமல் எழுந்துபோனவர் பெரியப்பா. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

சர்வேயர் புலப்படத்தை விரித்துக் காட்டினார். கோடுகள், எண்கள், மூலைகளில் கற்களைக் குறிக்கும் புள்ளிகள். எல்லா அளவும் ஏதோ ஒரு கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கல்தான் இல்லை.

“கிணத்த வச்சு அளங்க சார். கிணறு எங்கயும் போயிராது” என்றார் பெரியப்பா.

“பனைய வச்சு அளக்கணும். அப்பா அப்படித்தான் சொல்லுவாங்க” என்றேன் நான்.

கிணற்றை வைத்து அளந்தால் பெரியப்பாவுக்கு லாபம், பனையை வைத்து அளந்தால் எங்களுக்கு. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பேச்சு தடித்தபோது நான் போனை எடுத்து, ஜிபிஎஸ்ஸில் பார்க்கலாமே என்றேன். சர்வேயர் சிரித்தார். “தம்பி, அது எத்தன அடி முன்னப்பின்ன காட்டும்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. வரைபட மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். திறந்த வெளியில் ஒரு நல்ல போன் ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் இடம் சொல்லும் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு அடி வட்டத்தை வைத்து நாலு அடி வழக்கைத் தீர்க்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அளவை நடக்கவில்லை. சர்வேயர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கல்லூரிக் காலத்துப் பெட்டியைக் கிளறியதில் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ கிடைத்தது. இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில், ஹாஸ்டல் மொட்டைமாடியில் வாசித்த பிரதி. சர்வேயரின் கேள்வி காதில் இருக்கும்போது வாசித்ததால் அது வேறொரு நாவலாகத் தெரிந்தது. அந்த வாசிப்பைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

2

1966இல் வெளிவந்த நாவல். ஊர் முச்சந்தியில் ஒரு புளியமரம். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்திலிருந்து சுதந்திரத்துக்குப் பிந்தைய நகராட்சி அரசியல் வரை ஊர் அந்த மரத்தைச் சுற்றி மாறுகிறது. கடைசியில் மனிதர்களே மரத்தைக் கொன்றுவிடுகிறார்கள். ஜங்ஷனுக்கு மட்டும் மரத்தின் பெயர் மிஞ்சுகிறது.

இந்த நாவலைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரு வாக்கியம் வந்துவிடும்: புளியமரம் ஒரு குறியீடு. எதற்குக் குறியீடு என்று கேட்டால் பதில்கள் பிரியும். மரபு, இயற்கை, நவீனத்துக்கு முந்தைய வாழ்க்கை, வரலாற்றின் மௌனசாட்சி. நானும் கல்லூரியில் அப்படித்தான் வாசித்தேன். மரம் நல்லது, நகராட்சி கெட்டது என்று எனக்குள் ஒரு சூழலியல் கதை ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த வாசிப்பு நாவலைச் சின்னதாக்குகிறது என்று நினைக்கிறேன். குறியீடு என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு பொருள் ஒளிந்திருக்க வேண்டும். இந்த மரத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை. அது நிற்கிறது. ஊர் அதை வைத்துத் தன்னை அளந்துகொள்கிறது. அளவைக்காரர்கள் மொழியில் சொன்னால் அது ஒரு குறிப்புப்புள்ளி. நாவல் கேட்கும் கேள்வியும் சர்வேயர் கேட்டதுதான்: எதை வச்சு அளக்கிறீங்க?

3

இந்தக் கேள்விக்கு இயற்பியலில் நீண்ட வரலாறு உண்டு. கொஞ்சம் சொல்லிவிட்டு நாவலுக்குத் திரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1632இல் கலிலியோ ஒரு கப்பலைக் கற்பனை செய்யச் சொன்னார். கீழ்த்தளத்தில் அறைக்கதவை மூடிக்கொண்டு உட்காருங்கள். தண்ணீர் சொட்டுவதைப் பாருங்கள், பறக்கும் பூச்சிகளைப் பாருங்கள். கப்பல் நிற்கிறதா, ஒரே வேகத்தில் சீராகப் போகிறதா என்று உள்ளே நடக்கும் எதைப் பார்த்தும் சொல்ல முடியாது. சீரான நகர்வும் நிற்பதும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றுதான்.

அப்படியானால் ‘உண்மையிலேயே’ நிற்பது எது? 1687இல் வந்த ‘பிரின்சிபியா’வில் நியூட்டன், எதையும் சாராத அசையா வெளி ஒன்று உண்டு என்றார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று வாளி. கயிற்றில் தொங்கும் நீர் நிறைந்த வாளியைச் சுழற்றினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுழலும், ஓரங்களில் ஏறும், நடுவில் குழியும். அப்போது வாளிக்கும் தண்ணீருக்கும் நடுவில் சார்பு நகர்வே இல்லை. ஆனாலும் குழி விழுகிறது. எதைப் பொறுத்துச் சுழல்வதால்? வெளியைப் பொறுத்து என்பது நியூட்டனின் பதில்.

அதே நியூட்டன், முற்றிலும் அசையாத பொருள் என்று ஒன்று எங்குமே இல்லாமலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். உலக அமைப்பின் மையம் அசையாதது என்பதைத் தேற்றமாக எழுதவில்லை, கருதுகோளாக எழுதினார். எவ்வளவு நேர்மையான தடுமாற்றம் பாருங்கள். அசையாமை வேண்டும். ஆனால் அதைக் கைநீட்டிக் காட்ட முடியவில்லை.

எனக்குப் பிடித்தவர் அடுத்து வருகிறார். ஜெர்மானியக் கணிதவியலர் கார்ல் நாய்மன், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆற்றி 1870இல் அச்சான உரையில், அண்டத்தில் எங்கோ நமக்குத் தெரியாத ஓர் இடத்தில் முற்றிலும் இறுகிய ஒரு பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்றார். அதற்கு ‘ஆல்பா பொருள்’ என்று பெயரிட்டார். எல்லா நகர்வும் அதைப் பொறுத்தே. அதற்கு வேறு குணமோ வேலையோ கிடையாது. எல்லோரும் தன்னை வைத்து அளந்துகொள்ள அது இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

1883இல் எர்ன்ஸ்ட் மாக், தொலைதூர விண்மீன்கள் உட்பட அண்டத்திலுள்ள மற்றப் பொருள்களைப் பொறுத்துத்தான் வாளி சுழல்கிறது, காலி வெளியைப் பொறுத்துச் சுழல்கிறது என்று பேசுவதற்குப் பொருளில்லை என்று எதிர்வாதம் வைத்தார். 1905இல் ஐன்ஸ்டைன், அசையா வெளி என்ற கருத்தே தன் கணக்குக்குத் தேவைப்படவில்லை என்று காட்டினார்.

நம் நண்பர்கள் பலர் இதைக் கேட்டதும் “எல்லாமே ரிலேட்டிவ்தான் ப்ரோ” என்று முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. சீரான நகர்வு சார்புடையது. வாளியின் சுழற்சி அப்படியல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு குடைராட்டினத்தில் உட்கார்ந்தாலும் சுற்றுவது வயிற்றுக்குத் தெரியும். எங்கே இருக்கிறோம் என்பது ஒப்பந்தம். திரும்புகிறோம் என்பது உடம்பு அறிவது. இந்த இரண்டு அறிவும் சு.ரா.வின் நாவலில் இருக்கின்றன.

4

புளியமரத்தின் இடத்தைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் அது ஊருக்கு ஒதுக்குப்புறம், குளத்து நீர் சூழ நின்ற மரம். மகாராஜா வருகையையொட்டிக் குளம் தூர்க்கப்படுகிறது. பிறகு ரோடு வருகிறது, கடைகள் வருகின்றன. பக்கத்திலிருந்த காற்றாடி மரத்தோப்பு அழிந்து பூங்கா ஆகிறது. மரம் முச்சந்திக்கு வந்துவிடுகிறது.

மரம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஓரத்தில் இருந்தது மையத்துக்கு வந்துவிட்டது, மையத்துக்கு வந்ததாலேயே இடைஞ்சலாகவும் ஆகிவிட்டது. ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்கான விடை மரத்துக்குள் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? இயற்பியல் பாடப்புத்தகம் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொள்ளும்.

நாவல் எடுத்துக்கொண்ட நிலத்தின் வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதற்கு முந்தின நாள்வரை அங்கே ஒருவர் தலைநகருக்குப் போகிறேன் என்றால் திருவனந்தபுரம், பக்கத்தில்தான். மறுநாள் அதே வாசற்படியிலிருந்து தலைநகர் எழுநூறு கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது. யாரும் வீடு மாற்றவில்லை.

இடம் மட்டும் மாறியிருந்தால் அது கலிலியோவின் கப்பல். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இங்கே வாளி சுழல்கிறது. மன்னராட்சி போய்த் தேர்தல் வருகிறது, வியாபாரப் போட்டி வருகிறது, பத்திரிகை வருகிறது. தாமு, காதர், இசக்கி என்று நாவலின் பிற்பகுதியில் வரும் மனிதர்களைப் பாருங்கள். நடுவில் குழி விழ, ஓரங்களில் ஏறுகிறார்கள். எதைப் பொறுத்துச் சுழல்கிறார்கள் என்று அவர்களால் சொல்ல முடியாது. சுற்றுவது மட்டும் வயிற்றுக்குத் தெரிகிறது.

தாமோதர ஆசானை நான் முதல் வாசிப்பில் ‘கதைசொல்லி’ என்று மட்டும் பார்த்தேன். மரத்தடிக் கதைகள் சொல்லும் கிழவர், இளைஞர் கூட்டம் வாய்பிளந்து கேட்கிறது. இப்போது அவர் எனக்கு அளவைக்காரராகத் தெரிகிறார். ஆசான் சொல்லும் ஒவ்வொரு கதையும் மரத்திலிருந்து தொடங்கி ஒரு தூரத்தை அளக்கிறது: குளம் இருந்த காலம் எவ்வளவு தூரம், மகாராஜா வந்த நாள் எவ்வளவு தூரம். அவர் புளுகுகிறாரா என்பது இரண்டாம்பட்சம். அவர் எப்போதும் ஒரே புள்ளியிலிருந்து அளக்கிறார், அதனால் கேட்பவர்களுக்கு ஒரு காலவரைபடம் கிடைக்கிறது. நாவலின் பிற்பகுதியில் ஆசானின் இடத்தில் கதைசொல்லி தானே கண்டதைச் சொல்லத் தொடங்கும்போது தொனி மாறிவிடுகிறது. கிண்டல் கூடுகிறது, வேகம் கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. நாவலின் பலவீனம் என்று நான் முன்பு நினைத்த இந்த உடைவு, இப்போது அதன் உண்மையாகப் படுகிறது. ஒரே புள்ளியிலிருந்து அளக்கும் ஆள் போனபிறகு கதை அப்படித்தான் நகரும்.

கடைசியில் மரம் சாகிறது, பெயர் நிற்கிறது. நாகர்கோவிலில் வேப்பமூடு என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. மூடு என்றால் மரத்தின் அடி. எங்கள் மென்பொருளிலும் முகவரிக்குக் கீழே ‘அருகிலுள்ள அடையாளம்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அதில் மக்கள் இடிக்கப்பட்ட தியேட்டர்களையும் மூடப்பட்ட மில்களையும் எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் இதைத் தரவுப் பிழை என்று வகைப்படுத்தி, நீக்குவதற்கு நான்தான் ஒரு நிரல் எழுதினேன். டெலிவரி ஆட்கள் திணறிப்போனார்கள். இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றோம். தியேட்டர் இல்லை, ஆனால் தியேட்டர் எதிரே இருக்கிறது. நாய்மனின் ஆல்பா பொருளும் இப்படித்தான். இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை, எல்லோரும் அதை வைத்து அளந்தால் போதும்.

5

இதுவரை புகழ்ந்தாயிற்று. என் மனத்தாங்கலையும் சொல்லவேண்டும்.

நாவல் மரத்தை ஒன்றும் அறியாத அப்பாவியாக வைத்திருக்கிறது. மரம் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றது, மனிதர்கள் தங்கள் ஆட்டத்தில் அதை இழுத்துப்போட்டுக் கொன்றார்கள் என்ற தொனி முழுக்க ஓடுகிறது. குறிப்புப்புள்ளிக்குக் கட்சி கிடையாது என்பதாக. இதை நான் நம்பவில்லை. வயலில் நின்றவனுக்குத் தெரியும், கிணறா பனையா என்பதில்தான் கட்சி தொடங்குகிறது. எதிலிருந்து அளப்பது என்று முடிவாகிவிட்டால் மீதி வெறும் கணக்கு.

முச்சந்தி மரத்தடியிலிருந்து ஊரை அளப்பவர்கள் யார்? மரத்தடியில் நிற்க நேரமும் உரிமையும் உள்ளவர்கள். நாவலின் ‘நாங்கள்’ என்ற குரலைக் கேளுங்கள். ஆசானைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இளைஞர் கூட்டம், எல்லோரும் ஆண்கள். செல்லத்தாயி என்ற பெண்ணின் வாழ்க்கை அந்த மரத்தில் முடிகிறது. அவளுக்கு அந்த மரம் குறிப்புப்புள்ளி அல்ல, முற்றுப்புள்ளி. ஆனால் அவள் கதையும் ஆசான் சொல்லி, பையன்கள் கேட்டு, நமக்கு வந்து சேர்கிறது. அவள் தன் ஊரை எதை வைத்து அளந்திருப்பாள்? எந்தக் கிணற்றடி, எந்தத் திண்ணை, எந்தத் தெருவைத் தாண்டக்கூடாது என்ற கோடு? நாவலிடம் இதற்குப் பதில் இல்லை. கேள்வி இருப்பதே அதற்குத் தெரியாததுபோல இருக்கிறது.

1966இல் எழுதியவரிடம் இன்றைய கேள்வியைக் கேட்கலாமா என்று சிலர் கோபப்படலாம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இந்த நாவலை மூன்று முறை வாசித்தவன். ஊர் எப்படி இடம் மாறாமலே இடம்பெயர்கிறது என்று இத்தனை துல்லியமாகப் பார்த்த கண், தான் எங்கே நின்று பார்க்கிறது என்பதைப் பார்க்க மறந்துவிட்டது. கப்பலுக்குள் இருப்பவருக்குக் கப்பல் நகர்வது தெரியாது.

6

நிலைத்த புள்ளி எங்காவது உண்டா என்று ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டால், இன்றைய நிலவரம் இதுதான். இதை வாசிக்கும்போது பூமியின் சுழற்சியில் நாகர்கோவில் நொடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர் கிழக்கே போகிறது. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் போகிறது. அண்டம் முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைப் பொறுத்து, சூரியக் குடும்பம் மொத்தமும் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் போகிறது. அந்தக் கதிர்வீச்சையாவது அசையாதது என்று சொல்லலாமா? ஒப்பிடுவதற்கு வசதியானது, அவ்வளவுதான். இயற்பியல் விதிகள் அதற்குத் தனிச்சலுகை எதுவும் தரவில்லை. வானியலாளர்கள் 2019 முதல் திசைகளை 303 தொலைதூர வானொலி மூலங்களை வைத்து வரையறுக்கிறார்கள், பெரும்பாலும் குவேசார்கள். அந்தக் கணக்கிலும், நம் சூரியன் பால்வீதி மையத்தைச் சுற்றி வளைவதால் அவை துளித்துளியாக நகர்வதுபோலத் தெரிவதற்கு ஒரு திருத்தம் சேர்க்கவேண்டியிருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். இந்தியத் தட்டு வருஷத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. நாவல் வெளிவந்த காலத்திலிருந்து கணக்குப்போட்டால், புளியமரம் நின்ற ‘இடம்’ சுமார் 3 மீட்டர் போய்விட்டது. நானும் பெரியப்பாவும் சண்டைபோட்ட நாலு அடியை இருபத்துநாலு வருஷத்தில் பூமியே நகர்த்திவிடும். கிணறு, பனை, வரப்பு, பெரியப்பா, நான் எல்லாம் சேர்ந்தே நகர்வதால் சண்டை மட்டும் அங்குலம் பிசகாமல் அதே இடத்தில் இருக்கும்.

சர்வேயர் இரண்டாம் முறை வருவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் இதையெல்லாம் உளறிக்கொண்டிருந்தேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். “கல்லு பம்ப்செட்டுல கெடக்கு” என்றாள்.

“எந்தக் கல்லு?”

“எல்லக்கல்லு. துணி தொவைக்கதுக்கு ஒரு கல்லு வேணும்னு கேட்டேன், ஒங்கப்பாதான் புடுங்கிட்டு வந்து போட்டாவ. பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்.”

“இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“என்கிட்ட யாரு கேட்டா?”

செல்லத்தாயியை நாவல் கேட்கவில்லை என்று நான் பென்சிலால் ஓரக்குறிப்பு எழுதி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வயலில் என்னைவிட, பெரியப்பாவைவிட அதிக நாள் குனிந்தவள் அம்மா. அன்று காலை நாங்கள் கத்தியபோது வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பம்ப்செட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சோப்பு படிந்து வழுவழுவென்று கிடந்தது. அதை வைத்து இனி எதையும் அளக்க முடியாது. இடத்தைவிட்டுப் பெயர்த்தால் அது வெறும் துவைகல்தான். பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் சின்னதுலயே அப்படித்தாம்ல” என்றார்.

சர்வேயர் பக்கத்துப் புல எண்ணின் கற்களைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து கோடு இழுத்து வந்தார். உதவியாள் வராததால் டேப்பின் ஒரு முனையைப் பெரியப்பா பிடித்தார், மறுமுனையை நான். தொய்யவிடாதே என்று அவரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று நானும் சொல்லிக்கொண்டு போனோம். எட்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் நேராகப் பேசிக்கொண்ட வார்த்தைகள் அவை. எல்லை கிணற்றுக் கணக்கிலும் வரவில்லை, பனைக் கணக்கிலும் வரவில்லை. நாலு அடியில் பெரும்பகுதி பெரியப்பாவுக்கே போனது. புதுக்கல் நட்டாயிற்று.

போன வாரம் அம்மா போனில் டிராக்டர்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “பனைக்கு மேக்க உழுதாப் போதும்” என்றாள்.